குறை: இல்லை

எட்டு மாதமாய்
மட்டக்களப்பு டிப்போவின் குறைப் பதிவேட்டில்
ஒரே சொல்தான்.
இல்லை. இல்லை. இல்லை.
நாற்பத்தொரு பஸ், விதவிதமான கையெழுத்து,
வெற்றிலைச் சாயம் பட்ட மூலைகள்.
அதை நிழற்பிரதி எடுத்துப்
பிராந்தியக் காரியாலயத்துக்கு அனுப்பினேன்,
பெருமையோடு.

பிறகு ஐப்பசி மழையில்
பதுளைக்குப் போன ஐந்தேகால் பஸ்
பசறைக்குக் கிட்ட ஒரு வளைவில்
நிற்க மறுத்தது.
லாபிர் அதை மலைப்பக்கம் சாய்த்து நிறுத்தினார்.
ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது.
இரண்டு பெட்டி கருவாடு ரோட்டெல்லாம் சிதறியது.
அவ்வளவுதான் என்று அறிக்கையில் எழுதினேன்.
அவ்வளவுதானா என்று
விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பிரேக் மூன்று நாளாய்ச் சரியில்லை.
லாபிருக்குத் தெரியும்.
கொண்டக்டர் யோகவேலுக்குத் தெரியும்.
கன்ரீனில் ரொட்டி தட்டுகிற பெடியனுக்குக்கூடத் தெரியும்.
மேல்மாடியில் எனக்குத்தான் தெரியாது.

"ஏன் சொல்லல்ல?" என்றேன்.
லாபிர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.
"மாசியில வைப்பர் பழுதெண்டு எழுதினன் மெடம்.
நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகமில்லை.
சத்தியமாய் இல்லை.
அவருக்கு எல்லாம் இருந்தது:
செவ்வாய்க்கிழமை. என் கையில் பிளேன்ரீ.
சுற்றி நின்ற ஏழு பேர்.
"மழைக்குப் பயமெண்டா வீட்ட இருங்க,
எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சீங்க.
மறுகா நாங்க எழுதல்ல."

இரண்டு மிடறுக்கு நடுவில் சொன்னது.
நான் தேநீரை ஊதி ஆற்றிக் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.
அவர்கள் அதைச் சுற்றறிக்கையாய் மடித்து
எட்டு மாதம் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இப்போது நாலே முக்காலுக்கு இறங்கிப் போகிறேன்.
வாவிப் பக்கத்து ஈரக்காற்று, டீசல்,
எஞ்சின்கள் ஒவ்வொன்றாய்த் தொண்டை செருமும் நேரம்.
"எல்லாம் சரிதானே?" என்று கேட்பதில்லை.
அந்தக் கேள்விக்குள் பதில் முன்னமே ஏறி
சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறது.
"எந்தச் சத்தம் புதுசு?" என்கிறேன்.
கேட்டுவிட்டு வாயை மூடுகிறேன்.
அதுதான் கஷ்டம்.
மனதுக்குள் ஏழு வரை எண்ணுகிறேன்.
நாலில் நிலத்தைப் பார்ப்பார்கள்.
ஐந்தில் யாரோ இருமுவார்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் வரும்
ஒரு கிளச், ஒரு கழன்ற நட்டு,
ஒருநாள், யோகவேலின் மகளுக்கு டெங்கு.

"முந்தி பஸ் பழுதாகல்ல மெடம், நீங்கதான் பழுது"
என்றார் மெக்கானிக் டெரன்ஸ் பார்த்தலொட்,
கிறீஸ் கையைத் துடைத்தபடி.
சுட்டது.
அதற்கும் ஏழு எண்ணினேன்.
எண்ணி முடித்தும் பதில் ஒன்றும் வரவில்லை.

போன வியாழன் பழையபடி கத்திவிட்டேன்,
புது டிரைவர் புவிகரனை, எட்டுப் பேர் முன்னால்.
மேலே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது லேசு,
அங்கே கதவு இருக்கிறது.
அதே எட்டுப் பேரும் நின்ற இடத்துக்கு நடந்து போய்
"நான் சொன்னது பிழை" என்றேன்.
முற்றம் அறுபது அடி.
காத்தான்குடி மட்டும் நடந்த மாதிரி இருந்தது.
அவன் "பரவால்ல மெடம்" என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பதிவேடு இப்போது பார்க்கச் சகிக்காது.
உதிரிப்பாகம் கேட்டால் வருவதில்லை.
கிழமைக்கு இரண்டு சேவை ரத்து.
செங்கலடிச் சந்தியில் காத்து நிற்கிறவர்கள்
போனில் என்னைத்தான் ஏசுகிறார்கள்; நியாயம்.
காரியாலயத்திலிருந்து கடிதம்:
உங்கள் டிப்போவில் மட்டும் ஏன் இத்தனை குறை?
பதில் எழுத மூன்று தரம் தொடங்கிக் கிழித்தாயிற்று.

இன்றைய பக்கத்தில் பதினெட்டுக் குறைகள்.
பத்தொன்பதாவது வரி புவிகரனின் கையெழுத்து,
அழுத்தமாய், அழகாய்:
இல்லை.

பேனையை மூடிவிட்டு
படியிறங்குகிறேன்.